கடல் மீன் தொட்டி: அவசரப்பட்டால் நஷ்டம்!



கோமாளி மீன் வளர்த்து விற்கலாம் என்று எங்கள் குழுவில் கடன் எடுத்து, 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். சுமார் 125 லிட்டர் பிடிக்கும். "தண்ணி ஊத்தினதும் மீனை விடலாம்" என்று விற்றவர் சொன்னார். நாங்களும் மறுநாளே 12 குஞ்சு விட்டோம். நாலே நாள்ல எல்லாம் செத்து மிதந்தது. கடன் மட்டும்தான் மிச்சம்.

ஏன் செத்தது?

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இதனால் கெடுதல் குறைவு. இந்த நல்ல பாக்டீரியா மணலிலும் ஃபில்டரிலும் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அது ஏது?

இரண்டாம் முறை செய்தது

1. மழை இல்லாத நாளில், ஆற்று முகத்துவாரத்தை விட்டு தள்ளி, சுத்தமான கடல் தண்ணீர் எடுத்து துணியில் வடிகட்டினோம். கடல் தண்ணீர் கிடைக்காதவர்கள் மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பை வாங்குங்கள். சமையல் உப்பு உதவாது.

2. ஏர் பம்பும் ஃபில்டரும் ஓடவிட்டு, மீனுக்குப் பதிலாக ஒரு இறால் துண்டைப் போட்டு அழுக விட்டோம். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.

3. பரிசோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கின. அதன் பிறகே மீன் விட்டோம். அதுவும் இரண்டே இரண்டு!

தினமும் கவனிக்க

வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. உப்பளத்தில் நடப்பதுதான் இங்கேயும். அதனால் கண்ணாடியில் கோடு போட்டு வைத்து, குறைந்த அளவுக்கு குளோரின் இல்லாத நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும். லிட்டருக்கு 33 முதல் 35 கிராம் உப்பு இருந்தால் சரி. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, புதுக் கடல் தண்ணீர் விடுங்கள். அப்போது நைட்ரேட் குறையும். தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். கரண்ட் போனால் பேட்டரி பம்ப் கைவசம் இருக்கட்டும்.

இதைச் செய்யாதீர்கள்

அழகுக்காக பவளப்பாறையைப் பெயர்த்துப் போடாதீர்கள். பவளப்பாறைக்கும் கடல்குதிரைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. எடுத்தால் வழக்கு வரும். கோமாளி மீனுக்கு ஒரு மண்பானை ஓடு போதும், அதிலேயே முட்டையிடும். குஞ்சையும் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் செய்து காட்டியிருக்கிறது.

சகோதரிகளே, கடன் தவணையைக் கணக்குப் போடும்போது மீன் இல்லாத அந்த ஆறு வாரத்தையும் சேர்த்துப் போடுங்கள். நாங்கள் போடவில்லை. நீங்களாவது போடுங்கள்!