எஃப்8 தட்டினால் பாட்டு ஓடுகிறதா?

டாலியில் வவுச்சர் திரையைத் திறந்து எஃப்8 தட்டுகிறீர்கள். சேல்ஸ் வர வேண்டும். வராமல் சத்தம் கூடுகிறது, அல்லது பாட்டு ஓட ஆரம்பிக்கிறது. உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

டீக்கடையில் மாஸ்டரே கல்லாவையும் பார்த்துக்கொள்வதுபோல, லேப்டாப்பின் மேல்வரிசைக்கும் இரண்டு வேலை. டாலிக்கும் எக்செலுக்கும் அது எஃப்1 முதல் எஃப்12 வரை. லேப்டாப்புக்கோ அதே கீகள்தான் சத்தம், வெளிச்சம், வைஃபை. எந்த வேலைக்கு முதலிடம் என்பதை எஃப்என் கீ மாற்றிக் கொடுக்கும்.

ஆகவே முதல் சோதனை: எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு எஃப்8 தட்டுங்கள். சேல்ஸ் வந்துவிட்டால் கீ நன்றாகத்தான் இருக்கிறது, முறைதான் மாறிக் கிடக்கிறது. பல மாடல்களில் எஃப்என்னோடு எஸ்கேப்பைச் சேர்த்து அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். எஸ்கேப் கீயில் சின்னப் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸ் திரையில் மாற்ற வேண்டியிருக்கும். எச்பியில் பெரும்பாலும் ஆன் செய்யும்போதே எஃப்10 தட்டி உள்ளே போனால் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' இருக்கும். லெனோவோ ஐடியாபேடில் எஃப்2 தட்டினால் 'ஹாட்கீ மோட்'.

சிலருக்குத் தலைகீழாக நடக்கும். எஃப்8 ஒழுங்காக வரும், எஃப்என் பிடித்தாலும் வெளிச்சமும் சத்தமும் மாறாது. விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு இந்தப் புகார் அதிகம். வெளிச்சம், வைஃபை மாதிரியான கீகளுக்குப் பல லேப்டாப்களில் கம்பெனியின் சொந்த ஹாட்கீ மென்பொருள் வேண்டும்; விண்டோஸ் மாற்றும்போது அதுவும் போய்விடுகிறது. கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

சத்தம் மாறுகிறது, வெளிச்சம் மட்டும் மாறவில்லை என்றால் டிஸ்ப்ளே டிரைவரைச் சந்தேகப்படுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சந்தேகமே இல்லை, உண்மையான டிரைவர் ஏறவில்லை.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லையா? யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் சொருகிப் பாருங்கள். அதில் எஃப்8 வேலை செய்து, லேப்டாப்பில் எஃப்என்னோடும் தனியாகவும் எதுவும் நடக்கவில்லையென்றால் கீயே போயிருக்க வாய்ப்பு அதிகம். இப்போது கடைக்குப் போகலாம். போனதும் "கீபோர்டு வேலை செய்யலை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். பல லேப்டாப்களில் கீபோர்டு மேல்மூடியோடு சேர்த்தே பதிக்கப்பட்டிருக்கும், மாற்றினால் செலவு கூடும். "எஃப்என் பிடிச்சாலும் எஃப்8 வரலை, வெளி கீபோர்டுல வருது" என்று சொல்லுங்கள். தேவையில்லாத வேலைக்கெல்லாம் பில் போட யாருக்கும் துணிவு வராது.