உங்களுக்குத் தெரியுமா? வாஷிங்டன் தங்கிய ஹெர்மிடேஜ்

நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் ஹோ-ஹோ-கஸ் என்றொரு சிற்றூர். அங்குள்ள ‘ஹெர்மிடேஜ்’ வீட்டுக்கு வயது 250-ஐத் தாண்டிவிட்டது!

● 1778 ஜூலையில், அமெரிக்க விடுதலைப் போரின் மான்மத் சண்டை முடிந்த கையோடு அமெரிக்கப் படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே சில நாள் தங்கினார். அவரை அழைத்த வீட்டுத் தலைவி தியோடோசியா பிரிவோஸ்ட்டின் கணவரோ எதிரணியான பிரிட்டிஷ் படையின் அதிகாரி!

● கணவர் இறந்தபின், 1782 ஜூலையில் ஆரன் பர்ரை இதே வீட்டில் மணந்தார் தியோடோசியா. பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபராகி, அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டவர் இந்த பர்தான்.

● 1807-இல் ரோசன்கிராண்ட்ஸ் குடும்பம் வீட்டை வாங்கியது. 1847-48-இல் கட்டடக் கலைஞர் வில்லியம் ரான்லெட், பழைய வீட்டின் கற்சுவர்களில் ஒரு பகுதியை விட்டுவைத்து, மற்றதை கோதிக் மறுமலர்ச்சிப் பாணியில் மாற்றினார். செங்குத்தாகச் சரியும் கூரை, அதன் விளிம்பில் சரிகைக் கரைபோல் செதுக்கிய மரப்பலகைகள், வைர வடிவக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் அப்போது வந்தவை.

● 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருமானம் குறைய, குடும்பப் பெண்கள் வீட்டிலேயே டீ ரூம் நடத்தினார்கள். கடைசி வாரிசான மேரி எலிசபெத் ரோசன்கிராண்ட்ஸ், வீட்டை மாநில அரசுக்கே எழுதிவைத்து, 1970-இல் காலமானார். அதே ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னமான இவ்வீடு, இன்று அருங்காட்சியகம்.