மாசி மகமும் வீட்டுக் கணக்கும்

புதுச்சேரி நகரின் கடலோரத்தில் அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் இக்கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது வழக்கம். இத்தகைய விழாக்காலத்தில் வீடுதோறும் விருந்து, பிள்ளைகளுக்குப் புத்தாடை, மணமாகிச் சென்ற மகளுக்குச் சீர் எனச் செலவுகள் அடுத்தடுத்து வரும். சீர் என்பது உறவின் மதிப்போடு பிணைந்தது. ஆதலின் ‘செலவைக் குறையுங்கள்’ என்னும் அறிவுரை மட்டும் இங்குப் பயன்படாது.

வரவு சிறிதாயினும் செலவு பெருகாவிடில் கேடில்லை என்பது ‘வலியறிதல்’ அதிகாரம் உணர்த்தும் கருத்து. கடல்தொழிலில் வரவின் அளவோடு அது வரும் காலமும் சிக்கலாகிறது. மகம் முடிந்த சில வாரங்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு விசைப்படகுகளுக்குத் தடை. விழாவுக்கு வாங்கிய கடனின் வட்டியோ அந்நாள்களிலும் நிற்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விழாச் செலவு 6,000 ரூபாய் எனக் கொள்வோம். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் கடன் பெற்றால், மாதந்தோறும் 300 ரூபாய் வட்டி. எட்டு மாதங்களில் 2,400 ரூபாய் கொடுத்தும் முதல் அப்படியே நிற்கும். தடை நீங்கிய ஆனி தொடங்கித் தை முடிய எட்டு மாதங்கள் மாதம் 750 ரூபாய் சேர்த்தால் அதே 6,000 கையிலிருக்கும். ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் கடலுக்குச் செல்லும் நாள்கள் குறையும். தீபாவளிச் செலவும் அப்பொழுதே வரும். எனவே அவ்விரு மாதங்களில் 450, ஏனைய ஆறு மாதங்களில் 850 என வகுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. எவ்வளவு சீர் செய்வது என்பதையும் ஆனியிலேயே குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்தல் நலம். கடைவீதியில் நின்று முடிவு செய்தால் தொகை ஏறுமேயன்றி இறங்காது.

இவ்வாறு சேர்க்கப் பலர் சீட்டை நாடுகின்றனர். சீட்டு நடத்துவோர் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஏலச்சீட்டில் தொகையை முன்னரே எடுப்பவர் ஒரு பகுதியைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுக்கிறார். அது உறுப்பினர்களுக்குப் பகிரப்படுகிறது. ஆனியில் தொடங்கித் தையில் முடியும் சீட்டில் இறுதித் தவணைவரை பொறுத்திருப்பவருக்கு அத்தகைய இழப்பில்லை. மகத்திற்குச் சற்று முன்னதாகவே பணமும் கைக்கு வந்துவிடும்.