பிள்ளைகள் சாஃப்ட்வேர் இன்டர்வியூவுக்குப் போறாங்களா?



சமீபத்தில் நம் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு உறுப்பினர் 60,000 ரூபாய் கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "பொண்ணு இன்ஜினியரிங் முடிச்சிருக்கா. சாஃப்ட்வேர் வேலைக்கு ஒருத்தர்கிட்ட பணம் கட்டணுமாம்" என்றார். இன்டர்வியூ எப்படி நடக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் ஏமாறுகிறோம். தெரிந்துகொள்வோம் வாங்க.

என்னென்ன நடக்கும்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று கட்டம்.

1. தேர்வு: கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். கணக்கு, புத்திக்கூர்மை, ஆங்கிலம் இருக்கும். சி, ஜாவா, பைத்தான் போன்ற ஒரு கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராமும் எழுதச் சொல்வாங்க.

2. டெக்னிக்கல் இன்டர்வியூ: 'விகடகவி'யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். ஒரு சொல் இப்படி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க புரோகிராம் எழுது என்பார்கள். 20 எண்களில் பெரியது எது என்றும் கேட்கலாம். கடன் லெட்ஜரில் யாருக்கு அதிக பாக்கி என்று நாம் பார்ப்பதில்லையா? முதல் தொகையை மனசுல வச்சுக்கிட்டு, அடுத்தது பெரிசா இருந்தா அதை வச்சுக்கறோம். அதே வழிதான். விடை மட்டும் போதாது, யோசித்த விதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதில் தப்பில்லை.

கல்லூரியில் செய்த புராஜெக்ட் பற்றியும் கேட்பாங்க. காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

3. எச்.ஆர். இன்டர்வியூ: உன்னைப் பற்றிச் சொல், வெளியூர் போவாயா, இரவு ஷிப்ட் பார்ப்பாயா என்று கேட்பார்கள். இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று ஒப்பந்தம் இருந்தால், படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

வங்கிக் கடனுக்கு முன்னால் கிரேடிங் செய்ய வந்தபோது நாமும் பயந்தோம். புத்தகத்தை நாமே எழுதியதால்தான் பதில் சொல்ல முடிந்தது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

• தினமும் 10 நிமிடம் நம் முன்னால் பேசிப் பழகச் சொல்வோம்.

• போனிலோ கம்ப்யூட்டரிலோ இன்டர்வியூ நடந்தால் டி.வி.யை நிறுத்தி, வீட்டை அமைதியாக வைப்போம்.

• ஒரு முறை கிடைக்காவிட்டால் திட்ட வேண்டாம். பலருக்கு நாலைந்து இன்டர்வியூவுக்குப் பிறகுதான் கிடைக்கிறது.

பணம் கேட்டால் உஷார்!

நல்ல கம்பெனி எதுவும் வேலை கொடுக்கப் பணம் கேட்காது. டெபாசிட், டிரெயினிங் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீங்க. வேலை உத்தரவு வந்தால், அது உண்மையா என்று கம்பெனியிடமே நேரடியாக விசாரியுங்கள். போன், இன்டர்நெட் வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

அந்த 60,000 ரூபாய் கடனைக் குழு கொடுக்கவில்லை. பழைய லேப்டாப் வாங்க 15,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பொண்ணு இப்போது இரண்டாவது இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள்.