சிபாரிசு தேடும் சகோதரிகளுக்கு

உத்தியோகம் என்றதும், "தெரிந்த பெரிய மனிதர் யாராவது உண்டா?" என்றுதான் நம் வீடுகளில் முதல் கேள்வி பிறக்கிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பெண்ணுக்குச் சென்னை அதிகாரியை எப்படித் தெரியும்? அந்தக் குறையை ஓரளவு தீர்க்க, 2003-ல் அமெரிக்காவில் பிறந்த 'லிங்க்ட்இன்' என்ற இணையதளம் இருக்கிறது. படிப்பையும் அனுபவத்தையும் அதில் எழுதி வைத்தால், ஆள் தேடுகிறவர்கள் கண்ணில் படும்.

கல்யாணம், பிரசவம் என்று வேலையை விட்டவர்கள், இடையில் போன வருஷங்களை எப்படி மறைப்பது என்று தவிக்கிறார்கள். மறைக்கவே வேண்டாம், சகோதரிகளே! குழந்தை வளர்ப்புக்காக வேலையை நிறுத்தினேன் என்று பதிவு செய்ய 2022 முதல் அங்கே தனி இடமே உண்டு. (அதைவிடப் பெரிய நிர்வாகம் எந்த ஆபீசில் நடக்கிறது, சொல்லுங்கள்!) முன்பு கூட வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள், அவர்கள் தரும் நற்சான்றும் உங்கள் பக்கத்திலேயே இடம் பெறும். கூச்சமா? 1991-ல் இந்த ஜில்லாப் பெண்கள் சைக்கிள் பழகியபோதும் கேலி பேசியவர்கள் உண்டு.

பக்கத்து ஊர் வேலையே போதும் என்பவர்களுக்குத் தமிழக அரசு 2020-ல் தொடங்கிய தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் இருக்கிறது; கட்டணம் கிடையாது.

"முன்பணம் கட்டினால் வேலை நிச்சயம்" என்று சேதி வந்தால் மட்டும் பதிலே எழுதாதீர்கள். கட்டி ஏமாந்திருந்தால், வீட்டாருக்குப் பயந்து மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள்.