நடுகல்லும் சிற்றூரின் நினைவும்

திருவண்ணாமலை என்றவுடன் நம் எண்ணத்தில் எழுவன மலையும், அதன் அடியில் அமைந்த கோயிலும், கார்த்திகைத் தீபமுமே ஆகும். அக்கோயிற் கல்வெட்டுகள் வேந்தர் பெயரையும் அவர்தம் கொடைகளையும் பெரிதும் கூறுகின்றன. சுற்றியுள்ள சிற்றூர்களின் வரலாற்றை அறிய விரும்புவோரோ கோபுரத்தை விட்டு அகன்று, ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் நிற்கும் நடுகற்களை நாடவேண்டும். இச்சிற்றூர்களில் அருட்பணி ஆற்றும் போதகர்களும், அப்பணிக்கென ஆயத்தமாகும் மாணவர்களும் இக்கற்களை எங்ஙனம் நோக்கவேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

ஊரையோ ஆநிரையையோ காக்கும் பூசலில் உயிர்நீத்தவனுக்கு ஊரார் எடுத்த கல்லே நடுகல். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், அவன் நாட்டு வழிகளில் நின்ற நடுகற்களைக் குறிப்பிடுகின்றது. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். அவ்வட்டாரத்தில் பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் பல கண்டறியப்பட்டு, 1972ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறையால் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிடப்பட்டன.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் நம் கருத்திற்கு உரியது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அது நடப்பட்டது. கருந்தேவகத்தி என்பான் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்டான் என்று அக்கல் கூறுகின்றது. அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் எழுத்துகள் தெரிவிக்கின்றன. வேந்தன் பெயர் அங்கு காலத்தைக் குறிக்கவே பயன்பட்டது. செய்தியோ எருமைகளை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூரைப் பற்றியது. கால்நடையே செல்வமாயிருந்த இடத்தில் அதனைக் காத்தவன் பலருடைய பிழைப்பைக் காத்தவனாவான். அந்நன்றியை ஊரார் கல்லில் பொறித்தனர்.

இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. 1914–1918 போருக்குப் பின்னர் இங்கிலாந்தின் சிற்றூர்கள் பலவற்றில் மாண்டவர் பெயர் தாங்கிய நினைவுச் சின்னங்கள் எழுந்தன. அப்போருக்குச் சென்றோர் எத்தனை பேர், மீளாதோர் எத்தனை பேர் என்று கூறும் கல்வெட்டுகள் நம் நாட்டுச் சிற்றூர்களிலும் உள்ளன.

நடுகற்கள் பல இன்று வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. இதனைக் காணும் போதகர் இருவகையில் தவறக்கூடும். விக்கிரகம் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது ஒன்று. பிறருக்காக உயிர்கொடுத்தவன் என்றெடுத்து, உடனே அதைப் பிரசங்க உவமையாக்கிக்கொள்வது மற்றொன்று. முன்னது ஊராரின் நன்றியுணர்வைக் காணத் தவறுகின்றது; பின்னது கல்லின் செய்தியை முழுதும் கேளாமலே பேசுகின்றது. ஏனெனில், நிரையை மீட்டு மாண்டவனுக்கு மட்டுமன்றி, நிரையைக் கவர்ந்து மாண்டவனுக்கும் கற்கள் உண்டு. ஓர் ஊரின் கள்வன் மற்றோர் ஊரின் வீரனாயிருந்தான். ஊரின் நினைவு உண்மையானதே. ஆயினும் அது ஒருபக்க நினைவு. எடுத்தனூர்ப் பூசலில் வீழ்ந்தவனுக்காகக் கதறிய பெண்டிரைப் பற்றியோ, கடிபட்ட கள்வரை அவ்வழி செலுத்திய வறுமையோ பகையோ யாது என்பதைப் பற்றியோ கல்லில் ஒன்றும் இல்லை. பகைவனையும் அயலானாகக் காணக் கற்றவர்கள் இம்மௌனத்தையும் கேட்கவேண்டும் அன்றோ!

ஆகவே, சிற்றூருக்கு அனுப்பப்படும் போதகர் முதலில் செய்யத்தக்கது கேட்டலே. அங்குள்ள கல்லைப் பற்றி முதியோர் கூறும் கதையைக் கேட்டு எழுதிவைக்கலாம். கல்லைப் பெயர்க்கவும் பூசி மறைக்கவும் இடங்கொடாமல், எழுத்துள்ள கல்லாயின் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். சபை வரலாறு எழுதும்போதும் இக்கற்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. நம் சபை வரலாறுகள் பெரும்பாலும் ஆலயம் கட்டப்பட்ட ஆண்டையும், ஆயர்களின் பெயர்வரிசையையும் கூறி முடிந்துவிடுகின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலும் உறங்கும் கூலியாட்கள், விதவைகள், உபதேசியார்கள் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை. காவல் நின்ற நாயின் பெயரையும் விடாமல் பொறித்த சிற்றூரினின்று நாம் கற்கவேண்டியது இதுவே.