கூடத்தில் குருவி, வாசலில் நாய்!

சேலம் அம்மாப்பேட்டையிலாகட்டும், நாமக்கல் கோட்டையின் அடிவாரத்திலாகட்டும், மாலை வேளையில் தெருவோடு நடந்து போனால் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். வாசற்படியில் நாய் ஒன்று காவலுக்குப் படுத்திருக்கும். உள்ளே கூடத்தில், கம்பிக் கூண்டுக்குள் நீலமும் பச்சையும் மஞ்சளுமாய் இரண்டு சின்னப் பறவைகள் ஊஞ்சலாடிக் கொண்டிருக்கும். இரண்டு தரப்புக்கும் நடுவில், கையில் கரண்டியோடு, வீட்டு எஜமானி மத்தியஸ்தம் செய்து கொண்டிருப்பாள்!

குழந்தை கெஞ்சிக் கேட்டதற்காகப் பறவையை வாங்கி வந்து விடுகிறோம். கூண்டை மேஜை மேல் வைத்த மறு நிமிஷமே கேள்வி பிறக்கிறது: "அம்மா, நம்ம மணியும் இந்தக் குருவியும் சிநேகிதமாயிருமாம்மா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நேயர்களே, பதிலை முதலிலேயே சொல்லி விடலாம். சிநேகிதமாக வேண்டியதே இல்லை! நாய்க்குப் பறவையின் மேல் அலட்சியம் வர வேண்டும். பறவைக்கு உங்கள் மேல் நம்பிக்கை வர வேண்டும். இந்த இரண்டும் வந்து விட்டால் வீடு அமைதியாயிருக்கும். இதை விட்டு விட்டு, நாயையும் பறவையையும் மூக்கோடு மூக்கு உரச வைத்துப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள்தான் பிற்பாடு கண்ணைக் கசக்கிக் கொண்டு நிற்கிறார்கள்.

எந்தப் பறவை?

நம் பாட்டிமார் காலத்தில் கூண்டுக்கிளி என்றால் கழுத்தில் ஆரம் போட்ட பச்சைக்கிளிதான். இப்போது அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றம். அடிபட்டு விழுந்த பச்சைக்கிளி கிடைத்தாலும் வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும்.

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, அது பெரும்பாலும் லவ் பேர்டே அல்ல. அசல் லவ் பேர்டுக்கு ஊர் ஆப்பிரிக்கா. நம் வீடுகளுக்கு வருவது பட்ஜரிகார் என்ற ஆஸ்திரேலியக் குட்டிக் கிளி. ஜான் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகமெங்கும் பரவி விட்டது. சின்னப் பறவைதானே என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் 'பக்' என்ற பட்ஜரிகார் 1,728 வார்த்தைகள் கற்றிருந்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அது 1994-இல் இறந்தது.

இத்தனை கெட்டிக்காரப் பறவையின் எடை எவ்வளவு தெரியுமா? 30 முதல் 40 கிராம். நாமக்கல் கோழி முட்டை ஒன்றை விட இலேசு! 20 கிலோ நாய் அதற்கு 500 மடங்கு கனம். நாய் விளையாட்டாகக் காலைத் தூக்கி வைத்தாலும் பறவைக்கு அது வீடு இடிந்து விழுந்த மாதிரி. பயப்பட அதற்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலில் நாம் ஒப்புக் கொள்ள வேண்டும்.

கண் சொல்லும் கதை

நாயின் கண்கள் முகத்துக்கு முன்னால் இருக்கின்றன. வேட்டையாடும் பிராணிகளுக்கு அப்படித்தான் இருக்கும். குட்டிக் கிளியின் கண்களோ தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. ஏறக்குறைய நாலாபுறமும் ஒரே சமயத்தில் பார்த்து, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கிற கண்கள் அவை. ஆகவே முன்னால் நின்று இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்க்கிற எதுவும் அதற்குச் சத்துருதான். அது நாயாக இருந்தாலும் சரி, ஆசையோடு குனிந்து பார்க்கும் நீங்களாக இருந்தாலும் சரி!

பயந்த பறவை கூச்சல் போடும் என்று எண்ணி விடாதீர்கள். பல சமயம் சிலையாகி விடும். இறகுகளை உடம்போடு ஒட்டிக் கொண்டு, மெலிந்து உயரமானது போல் நிற்கும். 'அட, எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது!' என்று நாம் மெச்சிக் கொள்கிற சமயத்தில் அது உயிர்ப்பயத்தில் நின்று கொண்டிருக்கும். மனசு நிம்மதியான பறவையின் லட்சணம் வேறு. இறகு தளர்ந்திருக்கும், ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் மறைத்துக் கொள்ளும், தூங்கப் போகுமுன் அலகை நறநறவென்று மெதுவாக உரசும். அந்தச் சத்தம் உங்கள் வீட்டில் கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

முதலில் நீங்கள், பிறகுதான் நாய்

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். உங்கள் மார்பு உயரத்துக்கு, ஒரு பக்கம் சுவரை ஒட்டியபடி, உறுதியான மேஜையிலோ அலமாரியிலோ வையுங்கள். நாலு பக்கமும் திறந்து கிடந்தால் அதற்கு முதுகுப்புறம் பயம். நாய் தாவினாலும் சாயாத இடமாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் சேலம் தகிக்கும்போது ஜன்னலோரம் உதவாது, சமையலறையும் உதவாது.

முதல் நாலைந்து நாள் ஒன்றுமே செய்யாதீர்கள். இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான பாடம்! தண்ணீரையும் தீனியையும் மாற்றுவதோடு சரி. நாய் அந்த அறைக்குள் வரவே கூடாது. பிறகு தினமும் ஒரே நேரத்தில், கூண்டுக்குச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்து கொண்டோ பூத் தொடுத்துக் கொண்டோ தாழ்ந்த குரலில் பேசிக் கொண்டிருங்கள். இந்த அம்மாள் வந்தால் கெடுதல் எதுவும் நேருவதில்லை என்று பறவை கணக்கு வைத்துக் கொள்ளும்.

அதற்கப்புறம் தினை. கிளிக்கும் தினைக்கும் உள்ள உறவு நம்மவருக்குப் புதிதல்ல. தினைப் புனத்தில் பரண் கட்டிக் கிளி ஓட்டிய பெண்களைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கொல்லிமலையில் இன்றும் தினையும் சாமையும் விளைகின்றன. ஒரு தினைக் கதிர் கிடைத்தால் கம்பி வழியாக நீட்டிப் பிடியுங்கள். முதல் நாள் அது திரும்பியும் பார்க்காது. நாலாம் நாள் கழுத்தை நீட்டும். என்றைக்கு வந்து கொத்துகிறதோ அன்றைக்கு உங்கள் கையெழுத்தை அது ஏற்றுக் கொண்டு விட்டது என்று அர்த்தம்.

அடுத்த கட்டம் கூண்டுக்குள் கை. மேலிருந்து விடக் கூடாது. மேலிருந்து இறங்குவது பருந்து! கீழ்ப்பக்கமாக, மெதுவாக, விரலை வயிற்றுக்கு நேரே நீட்டுங்கள். ஏறினால் ஒரு தினை பரிசு. ஏறாவிட்டால் கோபமில்லாமல் கையை எடுத்து விடுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால்தான், அது ஒரு நாள் 'சரி' என்று சொல்லும். துரத்திப் பிடித்து ஒரு தரம் கைக்குள் அமுக்கினால் ஒரு மாத உழைப்பு போச்சு.

நாய்க்கு ஒரு பாடம்

இந்தச் சமவெளியில் தோட்டத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே கோழிகள் மேய்கிற களத்திலேயே காவல் நாயும் படுத்திருக்கும். கோழி அதன் வாலை மிதித்துக் கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்காது. எப்படி? கண் திறந்த நாளிலிருந்து அந்த நாய் கோழிகளோடு வளர்ந்தது. "ஏய் மணி, கோழிகிட்டப் போனீன்னா பாரு!" என்று ஆத்தாவின் அதட்டலைக் கேட்டே பெரிதானது.

இதில் சாஸ்திரமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல வருஷங்கள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான், யார் நம்மவர் என்று அதன் மனத்தில் பதிகிற முக்கியமான காலம் என்று அவர்கள் கண்டார்கள். அப்போது பழகிய கோழி, வீட்டில் ஒருத்தி.

உங்கள் நாய் வளர்ந்த நாயாக இருந்தால்? பாதகமில்லை; ஆனால் பொறுமை வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் முதலியவை நம் தமிழ்நாட்டின் வேட்டை நாய் ஜாதிகள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் ஊறியது. பொமரேனியன் தானே என்றும் இருந்து விடக் கூடாது. குட்டி நாயின் வாயும் குருவிக்குப் பெரிய வாய்தான்.

முதலில் பறவை இல்லாத இடத்தில், ஒரு பழைய ஜமக்காளத்தை விரித்து, 'படு' என்றால் படுக்கவும் 'இரு' என்றால் இருக்கவும் பழக்குங்கள். அது நன்றாக வந்த பிறகு, நாயைச் சங்கிலியில் பிடித்து, கூண்டு இருக்கும் அறையின் எதிர்க்கோடியில் உட்கார வையுங்கள். நாயிடம் ஒருவர், பறவையிடம் ஒருவர் இருக்க வேண்டும். நாய் கூண்டைப் பார்த்து விட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? உடனே ஒரு தின்பண்டம். மறுபடியும் பார்வையைத் திருப்புகிறதா? மறுபடியும் ஒன்று. இரண்டு நிமிஷத்தில் முடித்து விடுங்கள். பறவையைப் பார்ப்பதை விட அம்மாவைப் பார்ப்பதுதான் லாபம் என்று அது தெரிந்து கொள்ளட்டும். சில நாளுக்கு ஒரு முறை ஓரடி கிட்டே வரலாம். பறவை இறகை இறுக்கிக் கொண்டால் மறுபடி பழைய தூரத்துக்குப் போய் விடுங்கள். எவ்வளவு தூரம் என்று தீர்மானிக்கும் உரிமை முப்பது கிராமுக்குத்தான் உண்டு!

நாயின் வால் ஆடுகிறதே என்று ஏமாற வேண்டாம். வாயை மூடிக் கொண்டு, உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் பார்க்கிறது என்றால் அது சிநேகம் அல்ல. வேட்டையின் முதல் படி. பேசாமல் வெளியே அழைத்துப் போய் விடுங்கள். கொட்டாவி விட்டு, உடம்பு தளர்ந்து, தலையைத் தரையில் வைத்துப் படுத்தால் பாடம் ஏறுகிறது என்று அர்த்தம்.

கூண்டில் யார்?

ஆஸ்திரியாவில் கான்ராட் லோரன்ஸ் என்ற பேரறிஞர் இருந்தார். பிராணிகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் வீட்டில் வாத்தும் நாயும் காக்கை இனப் பறவைகளும் சுதந்திரமாக உலாவின. குழந்தைக்கு ஆபத்து வரக் கூடாதே என்று அவருடைய மனைவி என்ன செய்தார் தெரியுமா? பிராணிகளை அடைக்கவில்லை. தோட்டத்தில் ஒரு பெரிய கூண்டு வைத்து மகளை அதற்குள் விட்டார்! வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஒரு புத்திமதி இருக்கிறது. எத்தனை பாசமிருந்தாலும், வலுத்ததற்கும் இளைத்ததற்கும் நடுவே ஒரு கம்பி இருப்பது நல்லது என்பதை அந்தப் பெரிய வீட்டிலும் உணர்ந்திருந்தார்கள்.

இல்லத்தரசிகளே, இதையும் கவனியுங்கள்

பறவையை வெளியே விடுகிற நேரத்தில் நாய் வேறு அறையில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஐந்து வருஷம் சண்டையில்லாமல் பழகியிருந்தாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. பறவை திடீரென்று படபடத்துப் பறந்தால், அரை விநாடியில் நாயின் பழைய புத்தி விழித்துக் கொள்ளும். அது நாயின் துரோகம் அல்ல, நம் கவனக்குறைவு.

மின் விசிறியை நிறுத்தாமல் கூண்டைத் திறக்காதீர்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக் கல்லை அடுப்பில் வெறுமனே காய விடாதீர்கள். மிதமிஞ்சிச் சூடேறிய பூச்சிலிருந்து வரும் புகை, பக்கத்து அறையிலுள்ள பறவையைக் கூடச் சில நிமிஷங்களில் கொன்று விடும். பறவையின் மூச்சு அவ்வளவு நுட்பமானது. நிலக்கரிச் சுரங்கங்களில் விஷ வாயுவைக் கண்டுபிடிக்க இங்கிலாந்தில் 1986 வரை கேனரிக் குருவிகளைக் கூண்டோடு கொண்டு போனதும் அதனால்தான்.

நாயின் பல் இலேசாகப் பட்டு விட்டால், 'ரத்தம் வரவில்லையே' என்று மஞ்சள் பூசி விட்டு இருக்கக் கூடாது. நாயின் உமிழ்நீரிலுள்ள கிருமி சின்னக் கீறல் வழியாகப் போனாலும் பறவையின் உயிருக்கு ஆபத்து. காயத்தை இறகு மறைத்து விடும். நோயைப் பறவையே மறைத்துக் கொள்ளும். ஒரு துணி மூடிய பெட்டியில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நாமக்கல்லில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இந்தப் பக்கத்து மக்களின் பாக்கியம்.

மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. பைரவர் பக்கத்தில் நாய் நிற்கிறது. ஒரே கோவிலுக்குள் காலங்காலமாகச் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கல்லால் ஆனவர்கள். பசியும் இல்லை, பயமும் இல்லை. நம் வீட்டு ஜீவன்களுக்கு இரண்டும் உண்டு. அதனால்தான் அவர்களுக்கு நடுவே நாம் வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் உங்கள் கூடத்தின் வழியே நாய் குறுக்கே நடந்து போகும். கூண்டுப் பறவை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கும், இறகை இறுக்காது, தூக்கிய காலைக் கீழே வைக்காது, மறுபடி கண்ணை மூடிக் கொள்ளும். நாய் நல்லதாகி விட்டது என்று அதற்குத் தெரிந்து விட்டதா? இல்லை. தாழ்ப்பாள் போடுகிற கை மறக்காது என்று தெரிந்து விட்டது. அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருக்க, தினமும் மறக்காமல் தாழ்ப்பாளைப் போட்டு விடுங்கள்!